சரக்கு ஏற்றும் வண்டிக்கு முன் பிரேக்கும் பின் பிரேக்கும்



வரி, உரிமம், எடை முத்திரை பற்றியெல்லாம் நம் இதழில் விவரம் தெரிந்தவர்கள் எழுதி வருகிறார்கள். நான் எழுத வந்தது அவற்றைப் பற்றி அல்ல. கடை வாசலில் நிற்கும் வண்டியைப் பற்றி. நான் பழைய எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன். மதுரை கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம். மெக்கானிக் அல்ல. ஆனாலும் இதை எழுதும் கடமை எனக்கு இருக்கிறது. காரணத்தைப் படித்தால் தெரிந்துகொள்வீர்கள்.

டி.வி.எஸ். 50 வண்டி 1980-இல் வந்தது. அதற்கு முன் நமக்குச் சைக்கிளும் கைவண்டியும்தான். 1984-இல் எங்கள் கடைக்கு முதல் மொபெட் வாங்கினேன். வாங்கிய மூன்றாம் மாதமே ஒரு பையன் மணலில் முன் பிரேக்கைப் பிடித்துக் குப்புற விழுந்து முகமெல்லாம் சிராய்த்துக்கொண்டு வந்தான். அன்றைக்கே மெக்கானிக்கிடம் சொல்லி முன் பிரேக் கேபிளைக் கழற்றிவிட்டேன். அதன் பிறகு வாங்கிய ஒவ்வொரு வண்டிக்கும் அதே வேலைதான். "முன் பிரேக்கைத் தொடாதே, தொட்டால் தலைகுப்புற விழுவாய்" என்பது முப்பது வருடமாக எங்கள் கடையில் வேதவாக்கு. உங்களில் பலர் கடையிலும் இதே வேதம்தான் ஓதப்படுகிறது என்று எனக்குத் தெரியும்.

2016 ஐப்பசியில், காலையில் தூறல் போட்டு நின்ற ஒரு நாள், எங்கள் கடையில் பதினெட்டு வருடம் வேலை பார்த்த தம்பி ஒருவர் தெப்பக்குளம் பக்கம் சரக்குக் கொண்டு போனார். பின் கேரியரில் 25 கிலோ அரிசிச் சிப்பம் இரண்டு, முன்னால் ஓர் எண்ணெய் டின். காமராஜர் சாலையில் முன்னே போன ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றுவதற்குத் திடீரென்று நின்றுவிட்டது. இவர் பின் பிரேக்கை முழுப் பலத்தோடு பிடித்திருக்கிறார். பின் சக்கரம் சுற்றாமல் நின்று, வண்டியின் வால் பக்கவாட்டில் வீசி, மூட்டையோடு வண்டி இவர் கால்மேல் சாய்ந்தது. தொடை எலும்பு முறிவு. கம்பி வைத்து நான்கு மாதம் படுக்கை.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது, "அண்ணாச்சி, வண்டி நிக்கவே இல்ல, இழுத்துக்கிட்டே போச்சு" என்றார். அந்த ஒரு வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. நிற்க வேண்டிய வண்டியை நிற்க முடியாமல் செய்தவன் நான்தானே?

எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியர். மாதச் சாமான் வாங்க வந்தவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் புத்தகம் எதையும் எடுக்கவில்லை. "அண்ணாச்சி, உங்கள் பிளாட்பாரம் தராசு சும்மாதானே இருக்கிறது? வண்டியைக் கொண்டு வரச் சொல்லுங்கள்" என்றார்.

ஒரு சக்கரத்தைத் தராசின் மேலும் மற்றதை அதே உயரத்துக்குப் பலகை அடுக்கி அதன் மேலும் நிறுத்தினோம். கடைப் பையன் ஒருவனை மேலே உட்கார வைத்தோம். முன் சக்கரத்தில் 62 கிலோ, பின் சக்கரத்தில் 84 கிலோ. பார்த்தவுடன் எனக்குச் சந்தோஷம். "பாருங்கள் சார், கனம் பின்னால்தான் இருக்கிறது. பிரேக்கும் பின்னால்தானே பிடிக்க வேண்டும்?" என்றேன்.

"இது நிற்கிற வண்டியின் கணக்கு. ஓடுகிற வண்டி நிற்கும்போது கணக்கு மாறும்" என்றார் அவர்.

கைவண்டியில் மூட்டை ஏற்றித் தள்ளிய அனுபவம் உள்ளவர்களுக்கு இது உடனே புரியும். வேகமாகப் போகும் வண்டியைச் சட்டென்று நிறுத்தினால் மேல் மூட்டை முன்னால் சரியும். பஸ்ஸில் டிரைவர் பிரேக் போட்டால் நாம் முன் சீட்டில் போய் முட்டுவதும் அதனால்தான். சக்கரம் தரையோடு பிடித்து நிற்கப் பார்க்கிறது; தரைக்கு மேலே இருக்கும் ஆளும் சரக்கும் போன வேகத்திலேயே போகப் பார்க்கின்றன. அதனால் வண்டி முழுவதும் முன் சக்கரத்தின் மேல் கவிழ முயல்கிறது. முன் சக்கரத்தின் மேல் அமுக்கம் கூடுகிறது, பின் சக்கரத்தின் மேல் குறைகிறது. மொத்த எடை மாறுவதில்லை, பங்குதான் மாறுகிறது.

எவ்வளவு மாறும் என்பதையும் அவர் ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி இரண்டேகால் வினாடியில் நிற்கும் அளவுக்குப் பிரேக் பிடித்தால், அந்த நேரத்தில் முன் சக்கரத்தில் 62 கிலோ என்பது ஏறத்தாழ 98 ஆகிவிடும். பின் சக்கரத்தில் 84 என்பது 48-க்கு இறங்கிவிடும். அதாவது, மூன்றில் இரண்டு பங்கு கனம் முன்னே வந்துவிட்டது.

டயர் ரோட்டைப் பிடிப்பது அதன் மேல் இருக்கும் அமுக்கத்தைப் பொறுத்தது. கனம் அதிகம் உள்ள டயர் அதிகம் பிடிக்கும். கனம் இல்லாத டயர் தேய்த்துக்கொண்டு போகும். இதை நான் நம் வழக்கப்படி இப்படிப் புரிந்துகொண்டேன்: இரண்டு பேர் நமக்குப் பாக்கி தர வேண்டும். ஒருவரிடம் பணம் இருக்கிறது, மற்றவரிடம் இல்லை. இல்லாதவர் வீட்டு வாசலிலேயே நாள் முழுவதும் நின்றால் என்ன வசூலாகும்? பின் பிரேக்கை மட்டும் பிடிப்பது அப்படித்தான். நானோ பணம் உள்ளவர் வீட்டுக் கதவையே முப்பது வருடமாகச் செங்கல் வைத்து அடைத்து வைத்திருந்தேன்.

தூரக் கணக்கையும் கேளுங்கள். காய்ந்த நல்ல தார் ரோட்டில், 40 கிலோமீட்டர் வேகத்தில், பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் வண்டி நிற்க ஏறத்தாழ 22 மீட்டர் ஆகும். இரண்டையும் சேர்த்துச் சரியாகப் பிடித்தால் 11 அல்லது 12 மீட்டர். பத்தடி அகலக் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில், ஏழு கடை தாண்டி நிற்கும் வண்டி நான்காவது கடைக்குள் நின்றுவிடும். இதற்கு முன், ஆபத்தைக் கண்டு கை பிரேக்கை அமுக்கும் வரை ஒரு வினாடி போய்விடும். அதில் வண்டி 11 மீட்டர் ஓடியிருக்கும். அது எந்த பிரேக்குக்கும் பொது. வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும் என்பதையும் பையன்களுக்குச் சொல்லி வையுங்கள். 20-இல் போகிறவனுக்கும் 40-இல் போகிறவனுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மடங்கு அல்ல.

அப்படியானால் 1984-இல் அந்தப் பையன் ஏன் குப்புற விழுந்தான்? நானும் இதைத்தான் ஆசிரியரிடம் கேட்டேன். முன் பிரேக் பொல்லாதது என்பதல்ல, அவன் பிடித்த இடமும் பிடித்த விதமும் தவறு என்றார்.

சக்கரம் உருண்டுகொண்டிருக்கும் வரைதான் டயர் ரோட்டை நன்றாகப் பிடிக்கும். பிரேக் பலம் டயரின் பிடிப்பை மிஞ்சினால் சக்கரம் சுற்றாமல் நின்று சறுக்கும். சறுக்க ஆரம்பித்த டயருக்குப் பிடிப்பும் குறைவு, திசையும் கிடையாது. பின் சக்கரம் சறுக்கினால் வால் ஒரு பக்கம் வீசும். கொஞ்சம் சமாளிக்கலாம், ஆனால் மூட்டை இருந்தால் அதுவும் கஷ்டம். முன் சக்கரம் சறுக்கினால் ஹேண்டில்பார் பேச்சுக் கேட்காது, கண் மூடித் திறப்பதற்குள் ஆள் கீழே. மணலில் பிடிப்பே இல்லை. அங்கே முன் பிரேக்கை வெடுக்கென்று அமுக்கினால் யாராக இருந்தாலும் விழத்தான் வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இதுதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். முன் சக்கரத்துக்குக் கனம் வருவது பிரேக் பிடிக்க ஆரம்பித்த பிறகுதான். பிடித்த அந்த முதல் கணத்தில் அங்கே பழைய 62 கிலோதான் இருக்கிறது. எடுத்த எடுப்பில் முழுப் பலத்தையும் காட்டினால், கனம் வந்து சேர்வதற்கு முன்பே சக்கரம் நின்று சறுக்கிவிடும். ஆகவே இரண்டு கைப்பிடியையும் ஒன்றாகத் தொட்டு, முதலில் மெதுவாக அமுக்கி, வண்டி முன்னால் அமுங்குவது தெரிந்ததும் முன் பிரேக்கை மேலும் மேலும் இறுக்க வேண்டும். எலுமிச்சம்பழம் பிழிவது போல என்றார் ஆசிரியர். பின் பிரேக்கை அதே நேரத்தில் மேலும் இறுக்கக்கூடாது. அங்கே கனம் குறைந்துகொண்டே வருகிறது அல்லவா? படிக்க நீளமாக இருந்தாலும் செய்ய அரை வினாடிதான். காலியான மைதானத்தில் இருபது தடவை பழகினால் கைக்கு வந்துவிடும். எங்கள் பையன்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்படிப் பழக்கினோம். முதலில் சிரித்தார்கள்; பின் பிரேக்கில் மட்டும் நிறுத்திய இடத்தையும் இரண்டிலும் நிறுத்திய இடத்தையும் சுண்ணாம்பில் கோடு போட்டுக் காட்டிய பிறகு ஒருவனும் சிரிக்கவில்லை.

கைப்பிடி விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. மொபெட்டிலும் கியர் இல்லாத ஸ்கூட்டரிலும் வலது கைப்பிடி முன் சக்கரத்துக்கு, இடது கைப்பிடி பின் சக்கரத்துக்கு. மோட்டார் சைக்கிளில் வலது கை முன், வலது கால் பின். பழைய கியர் ஸ்கூட்டரிலும் பின் பிரேக் காலில்தான். கடையில் இரண்டு மூன்று வகை வண்டி வைத்திருப்பவர்கள், வண்டி மாற்றி எடுக்கும் பையனிடம் இதைச் சொல்லித்தான் சாவியைக் கொடுக்க வேண்டும். இன்னொன்று, வலது கையில்தான் ஆக்ஸிலேட்டரும் இருக்கிறது. பதறிப் பிடிக்கும்போது அதைத் திருகியபடியே பிடிப்பவர்கள் உண்டு. முதலில் ஆக்ஸிலேட்டரை விட வேண்டும்.

சரக்கு ஏற்றினால் என்ன ஆகும்?

கம்பெனிப் புத்தகத்தில் சொல்வதெல்லாம் பெரும்பாலும் ஆள் மட்டும் போகும் வண்டிக்கு. நம் வண்டி அப்படிப் போவதில்லை. எனவே தராசில் மறுபடியும் நிறுத்தினோம். பின் கேரியரில் இரண்டு சிப்பம் வைத்தபோது முன் சக்கரத்தில் 57 கிலோ, பின் சக்கரத்தில் 139. கவனித்தீர்களா? ஐம்பது கிலோ ஏற்றியும் முன் சக்கரத்தில் ஐந்து கிலோ குறைந்துவிட்டது. மூட்டையின் பாதிக்கு மேல், பின் சக்கர அச்சுக்கும் பின்னால் தொங்குவதால் அது வெள்ளிக்கோல் போல முன்பக்கத்தைத் தூக்குகிறது. ஹேண்டில்பார் லேசாக இருப்பது போல் தோன்றுவதும், மேட்டில் ஏறும்போது முன் சக்கரம் மிதப்பதும் இதனால்தான்.

பிறகு ஒரு சிப்பத்தைக் கால் வைக்கும் பலகையிலும் ஒன்றைப் பின்னாலும் வைத்தோம். முன்னே 72, பின்னே 124. அதே சரக்கு, அதே வண்டி. வைத்த இடம் மாறியதில் முன் சக்கரத்துக்கு 15 கிலோ கூடியது. பலகையில் வைத்த மூட்டை தரைக்குப் பக்கத்தில் இருப்பதால் பிரேக் பிடிக்கும்போது கவிழ்க்கும் வேலையும் குறைவு. ஆனால் அந்த மூட்டை ஹேண்டில்பார் திரும்புவதை இடிக்கக்கூடாது. ஹேண்டில்பாரிலேயே பைகளையும் டின்னையும் தொங்கவிடுவதை நான் எங்கள் கடையில் அடியோடு நிறுத்திவிட்டேன். அது திருப்பும் கையைக் கட்டிப்போடுகிறது, கைப்பிடிக்கும் விரலுக்கும் நடுவில் வந்து மாட்டுகிறது.

பின்னால் சுமை இருக்கும்போது பின் பிரேக்குக்கு மதிப்புக் கூடுகிறது என்பதும் உண்மைதான். இரண்டு சிப்பத்தோடு முன் சொன்ன அளவுக்குப் பிரேக் பிடித்தால் முன்னே ஏறத்தாழ 109, பின்னே 87 என்று வரும். ஆள் மட்டும் போகும்போது இருந்ததைவிடப் பின் டயருக்கு இப்போது வேலை உண்டு. அதனால் சரக்கு வண்டிக்கு இரண்டு பிரேக்கும் சம அளவில் உயிர். ஆனால் அப்போதும் முன் சக்கரத்தில்தான் கனம் அதிகம். சுமையோடு போகிறோம், பின் பிரேக்கே போதும் என்ற நம் நினைப்புக்கு இதில் இடமில்லை. தவிர, ஐம்பது கிலோ கூடினால் நிறுத்த வேண்டிய வேகத்தின் பலமும் அந்த அளவுக்குக் கூடுகிறது. அதை முழுவதும் ஒரு சின்ன டிரம்மின் தலையில் கட்டினால் பிரேக் கட்டை சூடேறித் தேய்ந்து பிடிப்பு விட்டுப் போகும். கியர் வண்டியில் கியரை இறக்கினால் எஞ்சினும் கொஞ்சம் பிடித்துக் கொடுக்கும். மொபெட்டில் அந்த உதவி குறைவு.

முன் பிரேக்கை லேசாக மட்டும் தொட வேண்டிய இடங்களும் உண்டு. மணல், சேறு, சாணம், ஈர இரும்புத் தகடு, பெயின்ட் அடித்த கோடு. வெகுநாள் கழித்துப் பெய்யும் முதல் மழையின் தொடக்கம், ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசும் குழைந்து வழுக்கும். நம் கடைத் தெருவுக்கென்றே உள்ள விசேஷம் வேறு: சிந்திய எண்ணெய், சிதறிய பருப்பு. துவரம்பருப்பு சிதறிய தார் ரோடு கோலிக்குண்டு பரப்பிய தரைதான். இறக்குமதி முடிந்ததும் வாசலைக் கூட்டித் தள்ளச் சொல்வதில் நமக்கும் பொறுப்பு இருக்கிறது. இம்மாதிரி இடங்களுக்கு வழி, வேகத்தை முன்பே குறைத்துவிடுவதுதான். வளைவிலும் அப்படியே, வண்டி சாயும்போது டயரின் பிடிப்பில் ஒரு பங்கு திரும்புவதற்கே செலவாகிவிடுகிறது. எனவே வளைவுக்கு முன்னாலேயே நேராக இருக்கும்போது பிரேக் பிடித்துக்கொள்ள வேண்டும்.

புது வண்டிகளில் வந்திருப்பது

நம்மைப் போன்றவர்களை எண்ணித்தானோ என்னவோ, சட்டமே ஒரு வழி செய்தது. புது மாடல்களுக்கு 2018 ஏப்ரல் 1 முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரல் 1 முதலும், 125 சி.சி. வரையுள்ள இருசக்கர வாகனங்களில் இரண்டு பிரேக்கும் இணைந்து பிடிக்கும் அமைப்பும், அதற்கு மேற்பட்ட சி.சி. வண்டிகளில் ஏ.பி.எஸ். அமைப்பும் வேண்டும் என்று மத்திய அரசு விதித்தது. இணைந்து பிடிக்கும் அமைப்பு அதற்கு முன்பே சில வண்டிகளில் இருந்தது; ஹோண்டா ஆக்டிவாவில் 2009-இலேயே வந்தது. ஹோண்டா இதை சி.பி.எஸ். என்றும், டி.வி.எஸ். எஸ்.பி.டி. என்றும், ஹீரோ ஐ.பி.எஸ். என்றும் பெயர் வைத்திருக்கின்றன. பெயர்தான் வேறு, வேலை ஒன்று.

இதில் பின் பிரேக்கின் கைப்பிடியை அமுக்கினால், ஒரு கேபிள் பின் சக்கரத்துக்கும் இன்னொன்று முன் சக்கரத்துக்கும் இழுக்கும். அமுக்கிய பலம் இரண்டுக்கும் பங்கு போகும். மோட்டார் சைக்கிளில் கால் மிதிக்கு இந்த இணைப்பு. என்னைப் போன்ற பிடிவாதக்காரன் பின் பிரேக்கை மட்டும் பிடித்தாலும் முன் சக்கரமும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். அந்தக் "கொஞ்சம்" என்பதைக் கவனியுங்கள். இந்த இணைப்பு முன் சக்கரத்துக்கு ஒரு பங்கைத்தான் கொடுக்கிறது. முழுப் பிடிப்பு வேண்டுமானால் வலது கைப்பிடியையும் சேர்த்துத்தான் அமுக்க வேண்டும்.

ஏ.பி.எஸ். வேறு விஷயம். சக்கரம் சுற்றாமல் நிற்கப் போவதை அறிந்து, பிரேக்கை வினாடிக்குப் பல தடவை விட்டு விட்டுப் பிடிக்கும். சக்கரம் சறுக்காமல் காக்கும். ஒற்றை ஏ.பி.எஸ். உள்ள வண்டிகளில் அது முன் சக்கரத்துக்கு மட்டும்.

புது வண்டியிலும் நம் ஆட்கள் ஒரு காரியம் செய்கிறார்கள். கைப்பிடி இறுக்கமாக இருக்கிறது, முன் பிரேக் உராய்கிறது என்று சொல்லி இணைப்புக் கேபிளைத் தளர்த்திவிடுகிறார்கள். சிலர் கழற்றியே விடுகிறார்கள். வெளியில் பார்த்தால் தெரியாது. இடது கைப்பிடி வழக்கம்போல் வேலை செய்யும். கண்டுபிடிக்க எளிய வழி: சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஒருவர் பின்னால் அமுக்கி முன் சக்கரத்தைத் தூக்கி, அதைக் கையால் சுற்றிவிட்டு, பின் பிரேக் கைப்பிடியை மட்டும் அமுக்கிப் பாருங்கள். முன் சக்கரம் நின்றால் இணைப்பு இருக்கிறது. நிற்காவிட்டால் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்கள்.

பராமரிப்பு பெரிய வித்தை அல்ல. டிரம் பிரேக் கைப்பிடியின் முனையில் 10 முதல் 20 மில்லி மீட்டர் வரை தளர்வு இருக்கலாம். அதற்கு மேல் போனால் சக்கரத்தருகே உள்ள நட்டைத் திருகிச் சரி செய்ய வேண்டும். சரி செய்தபின் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும், உராயக்கூடாது. பின் பிரேக்கைச் சரி செய்யும்போதெல்லாம் முன்னதையும் சேர்த்துச் சரி செய்யச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பல இடங்களில் செய்வதில்லை. கைப்பிடி ஆணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் போதும், டிரம் பக்கம் எண்ணெய் போகவே கூடாது. தேங்கிய தண்ணீரில் இறங்கி வந்தால் பிரேக் பிடிக்காது. பின்னால் வண்டி வராததைப் பார்த்துக்கொண்டு, மெதுவாகப் போகும்போதே இரண்டு பிரேக்கையும் லேசாகப் பிடித்துப் பிடித்து விட்டால் காய்ந்துவிடும். டிஸ்க் பிரேக் வண்டியானால் பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். மொட்டை டயரில் எந்த பிரேக்கும் ஈரத்தில் உதவாது.

2019-க்கு முந்திய வண்டிகள் நம் கடைகளில் இன்னும் நிறைய ஓடுகின்றன. எங்கள் கடையிலும் இரண்டு இருக்கின்றன. அந்த விபத்துக்குப் பிறகு மெக்கானிக்கை வரச் சொல்லி, எல்லா வண்டிக்கும் முன் பிரேக் கேபிளும் புதுக் கட்டையும் போடச் சொன்னேன். "அன்னைக்கே சொன்னேனே அண்ணாச்சி, நீங்கதான் கழட்டச் சொன்னீங்க" என்றார். எனக்கு ஞாபகம் இல்லை, சொல்லியிருப்பார். ஒரு கேபிளின் விலை ஏறத்தாழ ஒரு கிலோ துவரம்பருப்பு விலைதான்.

அந்தத் தம்பி இப்போது வண்டி ஓட்டுவதில்லை. கால் சற்று இழுக்கிறது. கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டெலிவரிச் சீட்டு எழுதுகிறார். காலையில் கடை திறந்ததும் வெளியே நிற்கும் ஒவ்வொரு வண்டியின் இரண்டு கைப்பிடியையும் அமுக்கி, வண்டியை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்த பிறகுதான் சாவியைப் பையன்களிடம் கொடுப்பார். நான் சொல்லி அவர் செய்வதல்ல.